கடைசிச் சொல் எங்கே போனது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, நாளிதழ் அலுவலகத்தின் இரவு மேசையைப் பற்றியவை. சேலத்தில் 30 ஆண்டு அந்த மேசையில் உட்கார்ந்தவள் நான். அதனால் முதல் கடிதத்துக்கு வழக்கத்தைவிட நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அம்மா, எனக்கு 27 வயது. ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். நான் சேர்ந்தபோது பக்கம் போட, அதாவது செய்தியையும் படத்தையும் பக்கத்தில் அடுக்கி வடிவமைக்க, இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், இன்னொருவர் கோவைக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. இப்போது செய்தியைத் திருத்துவதும் நாங்களே, பக்கம் போடுவதும் நாங்களே. ஒரு ராத்திரியில் 20, 25 செய்தி, இரண்டு பக்கம். பக்கம் போடுவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. படத்தை நகர்த்திக்கொண்டு இருக்கும்போது பிழை கண்ணில் படுவதே இல்லை. போன வாரம் ஒரே பக்கத்தில் மூன்று தவறு. இரண்டு வேலையையும் எப்படிச் சமமாகப் பார்ப்பது? இல்லை, முடியாது என்று சொல்லிவிடலாமா?
– வாசகி, சூரமங்கலம்

பதில்: முடியாது என்று சொல்லாதீர்கள். பக்கம் போடத் தெரிந்த உதவி ஆசிரியருக்குக் கிடைக்கிற ஒரு பலம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் சமமாக என்று கேட்டிருக்கிறீர்களே, அது சரிப்படாது. பாதி நேரம் இதற்கு, பாதி நேரம் அதற்கு என்று பங்கு பிரித்தால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

உங்கள் அலுவலகத்தில் இப்போது குறைவது எது என்று யோசித்துப் பாருங்கள். மவுஸ் பிடிக்கிற கையா? அதை நீங்கள் இரண்டே மாதத்தில் பழகிவிட்டீர்கள். நீங்கள் திருத்திய செய்தியை உங்களுக்குப் பிறகு ஒருவர் வாசித்தார் இல்லையா, அவர்தான் இப்போது இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தது பக்கம் போடுவதற்காக. வாசித்தது கணக்கில் வராத வேலை. கணக்கில் வராததால்தான் அது போனது யாருக்கும் தெரியவில்லை.

நான் 1988-இல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது பக்கம் என்பது ஒட்டுவது. அடித்த செய்தி வழவழப்பான புரோமைடு தாளில் ஒரு காலம் (பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் பத்தி, ஆங்கிலத்தில் column) அகலத்துக்கு நீள நீளமாக வரும். கண்ணாடி மேசை, அடியில் டியூப் லைட். அதன்மேல் பக்க அளவுக்குக் கட்டம் போட்ட தாளை விரித்து, பிளேடால் வெட்டி வெட்டி ஒட்டுவார்கள். எங்கள் ஒட்டுமேசை அண்ணன் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், கிச்சிப்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருவார். கடைசி நேரத்தில் ஒரு பிழை தெரிந்தால் வரியைத் திரும்ப அடித்து எடுக்க நேரம் இருக்காது. வீணான புரோமைடிலிருந்து அந்த எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டிவிடுவார். ஒற்றுக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தால் புள்ளியை மட்டும் வெட்டுவார். கடுகில் பாதிகூட இருக்காது அது. பிளேடு நுனியில் ஏந்தி, மூச்சை அடக்கிக்கொண்டு 'த' தலைமேல் இறக்குவார். 'த்' ஆகிவிடும். அதுவரைக்கும் பக்கத்தில் நிற்கிற நானும் மூச்சு விடமாட்டேன்.

அந்த அண்ணன் எங்கள் எதிர்ப்புறம் நின்றபடி தலைகீழாகவே வாசிப்பார். "அம்மிணி, செத்தவரு வயசு மேல 62ன்னு இருக்குது, கீழ 26ன்னு இருக்குது. எது?" என்பார். "இந்தப் பொண்ணு முதல் பத்தியில தங்கச்சி, கடைசிப் பத்தியில அக்கா ஆயிருச்சே" என்பார். இலக்கணம் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் செய்தியை அவர்தான் முதல்முறையாக வாசிக்கிறவர். நான் அதை மூன்று தடவை படித்துவிட்டேன், என் கண் இனி எழுத்தைப் பார்க்காது, என் நினைவைத்தான் பார்க்கும்.

கணினியிலேயே பக்கம் போடும் பேஜ்மேக்கர் மென்பொருள் வந்தது. ஒட்டுமேசையைத் தூக்கிப் பின்கட்டில் போட்டார்கள். கொஞ்ச காலம் கழித்து உள்ளூர்ப் பக்கங்களை உதவி ஆசிரியர்களே போட வேண்டும் என்றார்கள். உங்களைப் போலவே எனக்கும் ஆசை ஆசையாக இருந்தது. அப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

ஐப்பசி மழை. ஏற்காடு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பாறை சரிந்தது. சாயங்காலத்துக்குள் அகற்றிவிட்டார்கள். பாதை மூடப்பட்டதாக ஊரில் பேச்சு பரவ, அப்படி எதுவும் இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அதுதான் செய்தி. மூன்று காலத்துக்கு இரண்டு வரித் தலைப்பு எழுதினேன்:

ஏற்காடு மலைப்பாதையில்
போக்குவரத்துக்குத் தடை இல்லை

34 பாயின்ட்டில் (எழுத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) சரியாக உட்கார்ந்தது. கொஞ்சம் மெலிவாகத் தெரிகிறதே என்று 36 ஆக்கினேன். இரண்டாவது வரி நிரம்பியது. 'இல்லை' மூன்றாவது வரிக்குப் போனது. தலைப்புக் கட்டத்தின் உயரம் இரண்டு வரிக்குத்தான். மூன்றாவது வரி கட்டத்துக்குள் மறைந்துவிட்டது. பேஜ்மேக்கரில் அப்படி மறைந்தால் கட்டத்தின் அடியில் ஒரு சின்னச் சிவப்பு முக்கோணம் வரும். நான் அந்த நேரத்தில் பாறைப் படத்தைத் தலைப்பின் ஓரத்தோடு நூல் பிடித்தாற்போல் சேர்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பு இரண்டு வரியும் இடமும் வலமும் நிறைந்து அத்தனை லட்சணமாக இருந்தது. 'போக்குவரத்துக்குத் தடை' என்று பக்கம் போய்விட்டது.

மறுநாள் பதினொரு மணி இருக்கும். மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் நாலாய் மடித்த எங்கள் பேப்பர். அன்று அவர் மகளைப் பெண் பார்க்க ஆத்தூரிலிருந்து வருவதாக இருந்தது. வேனில் கிளம்பியவர்கள் வாழப்பாடியில் டீ குடிக்க இறங்கி, அங்கே பேப்பரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். பெரியவர் சத்தம் போடவில்லை. பேப்பரை என் மேசையில் விரித்து, விரலை வைத்து, "உள்ளே தடை இல்லைன்னு போட்டிருக்கீங்க, மேலே ஏம்மா தடைன்னு போட்டீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் இரண்டாம் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் வந்தது. அந்த ஆத்தூர்க்காரர்கள் பிறகு வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கத் தைரியம் வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் மொழியில் பக்கம் போடுகிறவருக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் முன்னாலேயே வந்துவிடும். வால் அறுந்தால் கிழமையோ இடமோதான் போகும். தமிழில் வினை கடைசியில் இருக்கிறது. இல்லை, ரத்து, மறுப்பு, ஒத்திவைப்பு எல்லாம் வாலில்தான். கட்டம் நிரம்பி வழியும்போது முதலில் விழுவது அதுதான். விழுந்த பிறகும் மிச்சம் இருப்பது ஒரு முழுத் தலைப்பு போலவே நிற்கும், பொருள் மட்டும் நேர் எதிராக. செய்தியின் கடைசிப் பத்தியிலும் இதே கதைதான். 'என்று போலீசார் தெரிவித்தனர்' விழுந்தால், போலீஸ் சொன்னது பத்திரிகை சொன்னதாகிவிடும்.

நீங்கள் பக்கம் போட இன்டிசைன் மென்பொருள் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். அதில் எழுத்து வழிந்தால் கட்டத்தின் வலது மூலையில் சிவப்புக் கூட்டல் குறி வரும், திரையின் அடியில் இருக்கும் சிறு பச்சைப் புள்ளி சிவப்பாகும். அந்தப் புள்ளி பச்சையாகாமல் பி.டி.எஃப். எடுப்பதில்லை என்று கைக்குப் பழக்குங்கள்.

இனி வேலை முறை. பக்கம் போடும்போது எழுத்தெல்லாம் சாம்பல் நிறக் கட்டமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால்தான் பக்கம் போட முடியும். திருத்தும்போது கட்டம் மறைந்து சொல் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் தெரியாது, யாருக்கும் தெரியாது. உங்கள் திறமைக்குறை இல்லை இது. ஆகவே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே திருத்தாதீர்கள். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வந்த செய்தியைப் பக்கத்தில் கொட்டி, அங்கேயே சரிபார்ப்பது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. அதை விட்டுவிடுங்கள். வெறும் எழுத்துக் கோப்பாக, வேறு எழுத்துருவில், பெரிய அளவில் வைத்துத் திருத்துங்கள். அந்தப் பக்கத்தின் முக்கியமான ஐந்து செய்தி முடியும்வரை பக்கத்தைத் திறக்கவே கூடாது. முதல் வாரம் கை துடிக்கும். பிறகு அடங்கிவிடும்.

பக்கத்தின் எலும்புக்கூட்டை சாயங்காலமே முடித்துவிடுங்கள். விளம்பர டம்மி, அதாவது எந்த விளம்பரம் எங்கே என்று காட்டும் மாதிரித் தாள், கையில் வந்ததும் எங்கே மூன்று காலம், எங்கே பெட்டி, எங்கே படம் என்று பென்சிலில் கட்டம் போடுங்கள். உள்ளூர்ப் பக்கத்துக்கு நான்கைந்து அமைப்பு போதும். அவற்றையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். தினமும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. உங்கள் ஆசைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் ஏற்காடு கோடை விழா வரும், மலர்க் கண்காட்சிப் படங்கள் வண்ணத்தில் குவியும். அதற்கு இரண்டு நாள் முன்பே உட்கார்ந்து ஆசைதீரப் போடுங்கள். விபத்தும் தண்ணீர்ப் பிரச்சினையும் வருகிற இரவு பத்து மணிப் பக்கத்தில் வேண்டாம்.

இப்போது அந்தப் பலம். எங்கள் பேப்பரில் ஒரு பக்கத்துக்கு 8 காலம், ஒரு காலம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். ஒரு வரியில் இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. இதில் 'பெத்தநாயக்கன்பாளையம்' வந்தால் என்ன ஆகும்? 'அயோத்தியாப்பட்டணம்' வந்தால்? முந்தைய வரியில் சொற்களுக்கு நடுவே எலி ஓடுகிற அளவுக்கு இடைவெளி விழும். பக்கம் மட்டும் போடத் தெரிந்தவர் என்ன செய்வார்? எழுத்தை அமுக்குவார். எழுத்தின் அகலத்தை 90 சதவீதத்துக்குக் கீழே குறைத்துப் பாருங்கள். 'ன'வின் இரண்டு சுழியும் 'ண'வின் மூன்று சுழியும் ஒன்றுபோல் அடைத்துக்கொள்ளும். நியூஸ்பிரிண்ட்டில் மை ஊறும்போது இன்னும் மோசம். மனம் எது, மணம் எது என்று தெரியாது. திருத்த மட்டும் தெரிந்தவருக்கோ அந்த இடைவெளி விழுந்ததே தெரியாது. நீங்கள் இரண்டும் தெரிந்தவர். எழுத்தைத் தொடாமல் சொல்லை மாற்றலாம். 'நெடுஞ்சாலைத்துறையினர்' ஒரு வரியை விழுங்கும், 'சாலைப் பணியாளர்' விழுங்காது. ஊர்ப் பெயரை மாற்ற முடியாது, ஆனால் வாக்கியத்தில் இரண்டு சொல் தள்ளி வைக்கலாம். உடைத்தே ஆக வேண்டும் என்றால் 'பெத்தநாயக்கன்' முடிந்து 'பாளையம்' தொடங்கும் இடத்தில் உடையுங்கள், 'பெத்தநாய' என்று நிறுத்தாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் மனசு என்ன பாடுபடும்.

எதை உடைக்கவே கூடாது என்றும் ஒரு பட்டியல் மனதில் இருக்கட்டும். 'தற்கொலை' என்ற சொல்லில் 'தற்' ஒரு வரியிலும் 'கொலை' அடுத்த வரியிலும் வந்தால், அவசரமாகப் பார்க்கிறவர் கொலை என்றே படிப்பார். ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிற வீடு அது.

தலைப்புக்கும் இதே வழிதான். செய்தியாளர் இப்படி அனுப்புவார்: 'டெல்டா பாசனத்திற்காக மேட்டூர் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது'. மூன்று காலத்தில் இரண்டு வரிக்கு அடங்காது. எழுத்தைச் சிறிதாக்குவார்கள், இல்லாவிட்டால் ஒற்றைத் தின்பார்கள். இரண்டும் வேண்டாம். ஜூன் 12-ஐ ஒட்டித் திறந்தால் அது குறுவைக்கான தண்ணீர். 'குறுவைக்கு மேட்டூர் அணை திறப்பு' என்று எழுதினால் நான்கு சொல்லில் முடிந்தது, எழுத்தும் பெரிதாகவே நிற்கும். இடம் குறைவாக இருந்ததால் தலைப்பு மேம்பட்டது. இந்தச் சுகம் இரண்டு வேலையும் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும். உங்களுக்குப் பக்கம் போடப் பிடிக்கிறது என்றீர்களே, பயப்படாதீர்கள். பிடித்ததைச் சொல்லின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, போன கண்ணைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். உங்களைப் போல இன்னும் மூன்று நான்கு பேர் அந்த மேசையில் இருப்பார்கள். பக்கம் விடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஆளுக்கொரு பிரதி எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். திரையில் வேண்டாம், தாளில். ஏ3 கிடைத்தால் நல்லது, ஏ4-ஆக இருந்தாலும் பரவாயில்லை. முழுவதும் வாசிக்க நேரம் இருக்காது. தலைப்பு, துணைத் தலைப்பு, படக்குறிப்பு, எண்கள், ஒவ்வொரு செய்தியின் கடைசி வரி. இவ்வளவுதான். கடைசி வரியைக் கட்டாயம் விரலை வைத்துப் படிக்க வேண்டும், வினை இருக்கிறதா என்று. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தலைப்பில் '120 டி.எம்.சி.' என்று வந்திருந்தால் போட்டவருக்குத் தெரியாது, மாற்றி வாசிக்கிறவருக்கு உடனே உறுத்தும். எங்கள் மேசையில் இது ஏழெட்டு நிமிடத்தில் முடிந்தது. அந்தத் 'தடை'க்குப் பிறகுதான் ஆரம்பித்தோம்.

செய்தி ஆசிரியரிடம் பேசத்தான் வேண்டும். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு நோட்டு போட்டு 30 நாளுக்கு எழுதுங்கள். என்ன பிழை, எந்தப் பக்கம், அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். யார் என்று எழுதாதீர்கள். மாதம் முடிந்ததும், 'ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் மாற்றி வாசிக்க நேரம் வேண்டும், கடைசிச் செய்தி வாங்கும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் இழுங்கள்' என்று கேளுங்கள். ஆள் கேட்டால் மேலிடம் என்பார்கள். பத்து நிமிடம் கேட்டால் அவரே முடிவெடுக்கலாம். ஆளும் கேளுங்கள், அதை விட்டுவிடாதீர்கள். ஐந்து பேர் வேலையை மூன்று பேர் இழுப்பது என்றைக்கும் நியாயம் ஆகாது.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் டி.டி.பி. கடையில் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பிளெக்ஸ் எல்லாம் செய்வேன். வயது 24. நாளிதழில் பக்க வடிவமைப்புக்குப் போக ஆசை. இலக்கணம் தெரிய வேண்டுமா? நான் பன்னிரண்டாம் வகுப்புதான்.
– வாசகர், குகை

பதில்: தம்பி, கல்யாணப் பத்திரிகை போட்டவரை நான் நம்புவேன். ஒரு பெயரில் ஒரு கால் விட்டுப்போனாலும் 500 பத்திரிகையைத் திரும்ப அடிக்க வேண்டும் என்ற பயம் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். அந்தப் பயம்தான் முதல் தகுதி.

இலக்கணத்தில் வல்லினம் மிகும் இடங்களை மட்டுமாவது படித்துவிடுங்கள். தந்த பலகை என்றால் கொடுத்த பலகை, தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தில் செய்த பலகை. இடம் போதவில்லை என்று ஒரு ஒற்றை நீக்கும்போது நீங்கள் எதை நீக்குகிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, கடையில் பழைய எழுத்துருக்களில் பழைய தட்டச்சு முறையில் அடித்துப் பழகியிருப்பீர்கள். யூனிகோடுக்கு மாறுங்கள், 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். செய்தி இப்போது யூனிகோடில்தான் வருகிறது. பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது 'ஸ்ரீ' போன்றவை கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் உடையும். எங்கே உடையும் என்று தெரிந்த ஆள் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் வேண்டும்.

நேர்முகத்துக்குப் போகும்போது பிளெக்ஸ் மாதிரிகளைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நாளின் உள்ளூர்ப் பக்கத்தை எடுத்து, அதே செய்திகளை வைத்து நீங்கள் ஒரு பக்கம் போட்டுக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கிறேன். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் திருத்துவதும் பக்கம் போடுவதும் தனித்தனி வேலை என்கிறார் எங்கள் சீனியர். உண்மையா?
– மாணவி, கருப்பூர்

பதில்: ஒரு காலத்தில் பெரிய பத்திரிகைகளில் தனித்தனியாகத்தான் இருந்தது. கணினியில் பக்கம் போடும் முறை பரவிய 1980, 90களில் அமெரிக்க நாளிதழ்கள் பலவற்றில் பக்கம் போடும் வேலை திருத்துவோர் மேசைக்கு வந்து சேர்ந்தது. அச்சுக்கூடத்து ஆட்களைக் குறைத்தார்கள், அந்த நேரம் திருத்துகிறவர் தலையில் ஏறியது. 2017-இல் நியூயார்க் டைம்ஸ் தன் தனித் திருத்த மேசையையே கலைத்தது. அங்கே வேலை செய்தவர்கள் அலுவலகத்தை விட்டு வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆக, சூரமங்கலத்து வாசகியின் கஷ்டம் நம் ஊருக்கு மட்டும் வந்ததில்லை. எதை முதலில் கற்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: திருத்துவதை. மென்பொருளை ஆறு மாதத்தில் கற்கலாம், அதுவும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிவிடும். பேஜ்மேக்கரில் நான் பெற்ற கைத்தேர்ச்சி இன்று யாருக்கும் வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். எங்கள் ஊர்ப் பெயரை ஒரே பக்கத்தில் 'ஏற்காடு' என்றும் 'ஏர்க்காடு' என்றும் அச்சிடுகிறார்கள். படத்தில் இருப்பவர் ஒருவர், பெயர் இன்னொருவர். இதற்கெல்லாம் யார் பொறுப்பு?
– வாசகர், ஏற்காடு

பதில்: ஐயா, வணக்கம். மேசையில் இருப்பவர்கள்தான் பொறுப்பு. செய்தியாளரைக் காட்டித் தப்பிக்க முடியாது.

ஊர்ப் பெயருக்கு ஒவ்வொரு பதிப்பும் ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருந்தேன். மேசை இழுப்பறையில் ஒரு நீல அட்டை நோட்டு. ஏற்காடு, கெங்கவல்லி, சங்ககிரி, பனமரத்துப்பட்டி என்று இந்த மாவட்டத்தில் இரண்டு விதமாக எழுதப்படுகிற பெயர் எல்லாம் அதில் உண்டு. இதன் அருமை தேர்தல் எண்ணிக்கை இரவில் தெரியும். சேலம் மாவட்டத்தில் 11 தொகுதி. 11 கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். ஆத்தூரும் கெங்கவல்லியும் தனித்தொகுதி, உங்கள் ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அந்தக் குறிப்பு பெயரோடு சேர்ந்து ஒரே வரியில் உட்கார வேண்டும். அன்று ராத்திரி 'எப்படி எழுதுவது' என்று யோசிக்க ஒரு நிமிடம்கூடக் கிடையாது. பட்டியல் இருந்தால் பார்த்துப் போடலாம்.

படத்தில் ஆள் மாறுவது வேறு கதை. பெரும்பாலும் பக்கம் போடும்போதுதான் நடக்கிறது. படத்தில் இருப்பவர் பக்கத்துக்கு வெளியே பார்ப்பதுபோல் இருந்தால், உள்ளே பார்க்கட்டும் என்று படத்தை இடம் வலமாகப் புரட்டிவிடுவார்கள். அழகுக்காகச் செய்வது. 'இடமிருந்து வலம்' என்று படக்குறிப்பில் வரிசையாகப் போட்ட பெயர் அத்தனையும் தலைகீழாகிவிடும். படக்குறிப்பை எழுதியவர் புரட்டியதைப் பார்த்திருக்கமாட்டார். எங்கள் மேசையில் யாரும் படத்தைப் புரட்டக் கூடாது என்று எழுதியே ஒட்டியிருந்தோம். ஆள் வெளியே பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், படத்தை இடம் மாற்றி வை என்போம்.

நீங்கள் வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம், ஐயா. படத்தில் இருக்கிற ஆண்களின் சட்டைப் பையைப் பாருங்கள். பை இடது மார்பில் இருக்கும், அதாவது பார்க்கிற உங்களுக்கு வலப்பக்கம். எல்லார் பையும் உங்கள் இடப்பக்கம் தெரிந்தால் அந்தப் படம் புரட்டப்பட்டது. அந்தத் துண்டை வெட்டி, சிவப்பு மையில் வட்டமிட்டு, தேதியும் பக்க எண்ணும் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள். அப்படி வருகிற உறைகளை நாங்கள் இரவு வேலை தொடங்கும் முன் பிரித்து மேசையில் ஒரு சுற்றுக்கு விடுவோம். உங்கள் ஊரிலிருந்தே ஒருவர் எனக்குப் பல வருஷம் அப்படி அனுப்பிக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றிலும் பென்சிலால் சரியான சொல்லை ஓரத்தில் எழுதி. அவர் திருத்திய பெயர்கள்தான் அந்த நீல நோட்டில் பாதி.